எலுமிச்சையும் சாம்பலும் துப்பாக்கிக்கு ஆகாது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஆயுத பூஜை நெருங்குவதை ஒட்டி, வீட்டுப் பரணில் கிடக்கும் பழைய துப்பாக்கியை எலுமிச்சம்பழமும் சாம்பலும் போட்டுத் தேய்த்து, கடைசியில் உப்புத்தாளால் ஓர் இழு இழுத்தால் 'புதுசு போல மின்னும்' என்று தங்கள் வார இணைப்பில் ஒரு குறிப்பு வந்திருந்தது. மறுவாரமே ஒரு வாசகர், பழசைத் தொடவே கூடாது, துருவும் சரித்திரம்தான் என்று பதில் எழுதியிருந்தார். முதல் யோசனை ஒரே மதியத்தில் துப்பாக்கியைக் கெடுக்கும். இரண்டாவது, சென்னைக் காற்றில் நாலைந்து மழைக்காலத்தில் கெடுக்கும்.

இரண்டு பேருமே எல்லாத் துருவையும் ஒன்றாக எண்ணிவிட்டார்கள். பழைய குழலின் மேல் மூன்று வகைப் படலம் இருக்கலாம். ஒன்று, செய்தவரே ஏற்றிய நிறம். பழுப்பு நிறக் குழல்களைப் பட்டறையிலேயே வேண்டுமென்று துருவேற்றி, தேய்த்து, மறுபடி துருவேற்றி, பல நாள் திரும்பத் திரும்பச் செய்து அந்த நிறத்துக்குக் கொண்டுவந்தார்கள். நீலக் கறுப்பும் இரும்பின் ஒரு வகை ஆக்சைடுதான். இரண்டாவது, கை பட்டு, எண்ணெய் பட்டு, காலத்தால் கறுத்து இறுகிப்போன தோல். சேகரிப்பாளர்கள் பாட்டினா என்று சொல்வது இதைத்தான். மூன்றாவது, இன்னமும் அரித்துக்கொண்டிருக்கும் துரு. முதல் இரண்டும் துப்பாக்கியின் சொத்து, மூன்றாவது அதன் எதிரி. எலுமிச்சையின் அமிலத்துக்கு இந்த வித்தியாசம் தெரியாது. மூன்றையும் சேர்த்தே கரைத்துவிடும். புளியும் அப்படித்தான். துருவை உறிஞ்சி எடுக்கும் என்று டப்பாவில் விற்கிற திரவங்களும் பேட்டரி வைத்துச் செய்கிற மின்பகுப்பும் அரிக்கிற துருவோடு நீலக் கறுப்பையும் பழுப்பையும் சேர்த்தே உரித்துவிடும். சாம்பல் தன் பங்குக்கு, கீறலையும் போட்டு, இடுக்குகளில் ஈரம் உறிஞ்சும் உப்பையும் விட்டுப் போகும்.

எது எதுவென்று கண்டுபிடிக்க ஆய்வுக்கூடம் வேண்டாம். வெள்ளை மல்துணியில் இரண்டு சொட்டு தையல் மெஷின் எண்ணெய் விட்டு, குழலில் ஓரிடத்தில் அழுத்தாமல் ஒற்றி எடுங்கள். ஆரஞ்சு நிறப் பொடி ஒட்டிக்கொண்டு வந்தால் அது அரிக்கிற துரு. துணியில் வெறும் அழுக்குப் பழுப்பு, அதுவும் இரண்டாம் முறை ஒற்றும்போது குறைகிறது என்றால் அடங்கிய தோல். அடங்கிய தோல் நகத்தால் வருடினால் வழுவழுவென்று இருக்கும். அரிக்கிற துரு செதில் செதிலாக எழும்பி நகத்தில் தட்டுப்படும். ஐப்பசி மழையில் துருவின் மேல் வியர்வை மாதிரி பொடிப்பொடியாகத் துளிகள் நிற்கிறதா? அப்படியானால் உள்ளே உப்பு இறங்கியிருக்கிறது. அது வீட்டு வைத்தியத்துக்கு அடங்காது. உலர்த்திப் பொதிந்து வைத்துவிட்டு, உலோகப் பாதுகாப்புத் தெரிந்தவரைப் பார்க்க வேண்டும். எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் இதற்கென்றே வேதியியல் பாதுகாப்புப் பிரிவு இருக்கிறது. அங்கே வழி கேட்கலாம்.

தேய்ப்பதால் என்ன போகும் என்பதைச் சென்னைக்காரருக்கு ஓர் உதாரணத்தால் சொல்லிவிடலாம். இந்த ஊர் கடைகளான ஓக்ஸ் அண்ட் கோ, பி. ஆர் அண்ட் சன்ஸ் ஆகியவை விற்ற வேட்டைத் துப்பாக்கிகளில், இரண்டு குழலுக்கும் நடுவே ஓடும் பட்டையில் கடைப் பெயரும் 'மெட்ராஸ்' என்ற சொல்லும் செதுக்கியிருக்கும். அந்தச் செதுக்கலின் ஆழம் ஒரு தலைமுடி அளவுகூட இருக்காது. பஃப்பிங் சக்கரத்தில் அரை நிமிடம் காட்டினால் முதலில் எழுத்தின் மெல்லிய கோடுகள் போகும், பிறகு தடித்த கோடுகளின் விளிம்பு மழுங்கும். கடைசியில் பெயர் இருந்த இடத்தில் ஒரு நிழல் மட்டும் மிஞ்சும். கிழக்கிந்தியக் கம்பெனி காலத்து மஸ்கட்டிலும் (வாய் வழியாக மருந்து போடும் நீளத் துப்பாக்கி) இதே கதைதான். பூட்டுத் தகட்டில், அதாவது சுடும் விசைப்பொறியைத் தாங்கும் பக்கத் தகட்டில், கிரீடத்தைப் பிடித்து நிற்கும் சிங்கம் இருந்தால் அது 1808-க்குப் பிந்தியது. இதய வடிவ முத்திரை இருந்தால் அதற்கு முந்தியது. இந்தத் தேதியைச் சொல்லும் சாட்சியைத்தான் உப்புத்தாள் முதலில் அழிக்கிறது.

முறுக்குக் குழல் என்றால் இழப்பு இன்னும் பெரிது. இரும்புப் பட்டையையும் எஃகுப் பட்டையையும் சேர்த்து முறுக்கி, சூட்டில் அடித்து ஒட்டி, குழலாகச் சுற்றியிருப்பார்கள். இரண்டும் வெவ்வேறு அளவில் நிறமேறுவதால்தான் அந்தப் பூவேலை கண்ணுக்குத் தெரிகிறது. மெருகேற்றினால் வெறும் வெள்ளைக் குழாய்தான் மிஞ்சும். இரும்பில் பொன்கம்பி பதித்த கோஃப்த்காரி வேலை இருந்தால் ஸ்டீல் வூல் என்கிற எஃகுப் பஞ்சைக் கிட்டவே கொண்டு போகாதீர்கள். குறுக்கும் நெடுக்குமாகக் கீறிய இரும்பில் பொன்னை அழுத்திப் பிடிக்க வைத்திருக்கிறார்களே தவிர, ஒட்ட வைக்கவில்லை. பொன் உரிந்து பஞ்சோடு வந்துவிடும்.

இதற்கு ஒரு மறுப்பு உண்டு, அதில் நியாயமும் உண்டு. பிரௌன் பெஸ் எனப்படும் பிரிட்டிஷ் படை மஸ்கட்டின் குழல்கள் படையில் இருந்தபோது வெள்ளை வெளேரென்றுதான் இருந்தன. சிப்பாய்களே செங்கல் பொடியும் எண்ணெயும் போட்டுத் தேய்த்தார்கள். ஆகவே மினுக்குவதுதான் அசல் நிலை என்கிறார்கள். அந்தத் தேய்ப்பாலேயே பல குழல்கள் மெலிந்தன, முத்திரைகள் பாதி மறைந்தன என்பதை மட்டும் சொல்ல மறந்துவிடுகிறார்கள். அன்று தேய்ந்தது போக மிச்சம் இருப்பதுதான் இன்று நம் கையில் இருக்கிறது. இன்னொரு முறை தேய்க்க அதில் இடமில்லை.

அதே சமயம், மேலே இருப்பதெல்லாம் பாட்டினா என்று கும்பிடவும் வேண்டாம். அலுமினிய சில்வர் பெயிண்ட், பித்தளைப் பட்டையில் ரெட் ஆக்சைடு, கட்டையில் சப்பாத்தி மாவு மாதிரி தடித்த வார்னிஷ் என்று நம் ஊரில் எத்தனையோ துப்பாக்கிகள் யாரோ அடித்து வைத்த வேஷத்தில் இருக்கின்றன. அதை எடுத்துவிடுவதில் பாவமில்லை. பெயிண்டுக்கு அடியில் ஈரம் தேங்கித் துரு வளர்வதால், எடுப்பதுதான் நல்லதும்கூட. உலோகத்தில் உள்ள பெயிண்டை, ஜன்னலைத் திறந்து வைத்து, பக்கத்தில் அடுப்பு விளக்கு எதுவும் இல்லாமல், அசிட்டோனில் நனைத்த பஞ்சால் ஒற்றி ஒற்றி எடுக்கலாம். மரத்தில் அசிட்டோன் படக்கூடாது. அசல் பூச்சும் சேர்ந்து போய்விடும்.

இனி செய்முறை. எதைத் தொடுவதற்கும் முன்னால், உள்ளே வெடிமருந்து கெட்டித்திருக்கிறதா என்று பாருங்கள். வாய் வழியாக மருந்து போடும் துப்பாக்கிகளில் பல, நூறு வருஷத்துக்கு முன் கெட்டித்தபடியே இன்றும் இருக்கின்றன. கருமருந்து நனையாமல் இருந்தால் வயதால் செத்துப்போவதில்லை. பத்து மில்லிமீட்டர் தடிமனுள்ள நாலரை அடி மரக்குச்சி ஒன்றைக் குழலுக்குள் அடிவரை மெதுவாக விடுங்கள். குழல் வாய்க்கு நேராக மட்டும் நிற்க வேண்டாம். வாயருகே குச்சியில் பென்சிலால் ஒரு கோடு போடுங்கள். குச்சியை வெளியே எடுத்து, அந்தக் கோட்டைக் குழல் வாயோடு பொருத்திக் குழலின் மேலேயே படுக்க வையுங்கள். குச்சியின் நுனி, நெருப்புத் துளை இருக்கும் இடம்வரை அல்லது கேப்பு (அடித்தால் பொறி தரும் சிறு மூடி) வைக்கும் முலை இருக்கும் இடம்வரை வர வேண்டும். இந்தியா பேட்டர்ன் மஸ்கட், 1853 மாடல் என்ஃபீல்ட் படைத் துப்பாக்கி இரண்டிலும் குழல் 39 அங்குலம் என்பதால் அளவு எளிதாகத் தெரியும். இரண்டு மூன்று விரற்கடை குறைந்தால் உள்ளே மருந்தும் குண்டும் இருப்பதாகவே எடுத்துக்கொள்ளுங்கள். இரும்புக் கம்பியால் நோண்டாதீர்கள், சூடு காட்டாதீர்கள், 'சுட்டுத் தீர்த்துவிடலாம்' என்று நினைக்கவே வேண்டாம். அப்படியே ஆளில்லாத பக்கம் பார்த்து வைத்துவிட்டுக் காவல் நிலையத்துக்குச் சொல்லுங்கள்.

காலி என்று உறுதியான பிறகு, பக்கவாட்டில் விளக்கைச் சாய்த்து வைத்துப் படம் எடுங்கள். நேர் வெளிச்சத்தில் தெரியாத முத்திரைகள் சாய்ந்த வெளிச்சத்தில் எழும்பும். நைட்ரைல் கையுறை போடுங்கள். கை வியர்வையின் உப்பு, விரல் ரேகையாகவே துருவாகப் பதியும்.

பூட்டைக் கழற்றுவதில்தான் பெரும்பாலும் கை தவறுகிறது. குதிரையை, அதாவது பொறி கிளப்ப அடிக்கும் சுத்தியலை, பாதித் தூக்கலில் நிறுத்துங்கள். எதிர்ப்பக்கத்தில் உள்ள இரண்டு திருகாணிகளையும் முழுக்கக் கழற்றாமல் நாலைந்து சுற்று தளர்த்தி, அவற்றின் தலையில் மரக் கைப்பிடியால் லேசாகத் தட்டினால் பூட்டுத் தகடு மரத்தை விட்டு வெளியே வரும். தகட்டின் ஓரத்தில் ஸ்க்ரூ டிரைவரை விட்டு நெம்பினால் மரத்தின் கூரான விளிம்பு சில்லு போகும். ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் ஸ்க்ரூ டிரைவரின் நுனி ஆப்பு மாதிரி சரிந்திருக்கும். பழைய திருகாணியின் வெட்டோ குறுகலானது, நேரானது. ஆப்பு நுனி மேலே ஏறி வழுக்கி, வெட்டைக் கிழித்துவிடும். நுனியை வெட்டின் அகலத்துக்கும் தடிமனுக்கும் நேராக அராவிக்கொள்ளுங்கள். அசையவில்லை என்றால் ஊடுருவும் எண்ணெய் ஒரு சொட்டு விட்டு இரண்டு மூன்று நாள் காத்திருங்கள். அதற்கும் மசியாவிட்டால் எண்ணெயைச் சுத்தமாகத் துடைத்துவிட்டு, சால்டரிங் இரும்பின் நுனியைத் திருகாணித் தலையில் அரை நிமிடம் வைத்து எடுத்து, ஆறியதும் திருப்பிப் பாருங்கள். பூட்டுக்குள் பழைய எண்ணெய் வெல்லப்பாகு மாதிரி இறுகியிருக்கும். ஒயிட் ஸ்பிரிட் (டர்பன்டைன் மாதிரியான பெயிண்ட் கரைப்பான்) தொட்ட தூரிகை போதும். பூட்டின் பெரிய வில்லை (ஸ்பிரிங்கை) கழற்றாதீர்கள். அதற்கான கிடுக்கி இல்லாமல் எடுத்தால் வில் தெறிக்கும், இல்லாவிட்டால் ஒடியும். குழலின் பின்முனையை அடைத்திருக்கும் அடித் திருகையும் கழற்ற ஒரு காரணமும் இல்லை.

குழலில் அரிக்கிற துரு இருக்கும் இடத்துக்கு மட்டும் மெல்லிய எண்ணெய் தடவி ஒரு நாள் ஊற விடுங்கள். முதலில் துணி. போகாவிட்டால் மூங்கில் குச்சி. அதற்கும் போகாவிட்டால் வெண்கலம்: ஜார்ஜ் மன்னர் தலை போட்ட பழைய காலணாவின் விளிம்பு இதற்குப் பிரமாதமான கருவி. துருவைச் சுரண்டும், எஃகைக் கீறாது. நாணயத்தைப் படுக்கையாகச் சாய்த்து, எண்ணெயிலேயே தள்ள வேண்டும். கடைசிக் கட்டமாக மிக மெல்லிய 0000 எண் ஸ்டீல் வூல். அதையும் முதலில் குழலின் அடிப்பக்கம், மரம் மறைக்கும் இடத்தில், ஒரு சதுர சென்டிமீட்டரில் பரீட்சித்துப் பாருங்கள். கறுப்போ பழுப்போ வெளுக்க ஆரம்பித்தால் நிறுத்திவிட வேண்டும். சமையலறைப் பச்சை ஸ்க்ரப்பர் வேண்டவே வேண்டாம். அதில் இருப்பது உப்புத்தாளில் இருக்கிற தேய்ப்புத் துகள்தான். ஆரஞ்சு போய் அடியில் இருண்ட வழவழப்புத் தெரிந்தால் வேலை முடிந்தது. குழிகள் குழிகளாகவே இருக்கட்டும். குழியைச் சமப்படுத்த வேண்டுமென்றால் சுற்றியுள்ள உலோகத்தை எல்லாம் குழியின் ஆழத்துக்கு இறக்க வேண்டியிருக்கும்.

பிறகு ஒயிட் ஸ்பிரிட்டால் எண்ணெயைத் துடைத்து, உலர்ந்ததும் மைக்ரோ கிரிஸ்டலைன் மெழுகு. பிரிட்டிஷ் மியூசியத்தின் ஆய்வுக்கூடத்தில் பிறந்த ரெனைசான்ஸ் மெழுகு இந்த வகைதான். பூட்டுத் தகட்டுக்குக் குன்றிமணி அளவு போதும். மெல்லியதாகத் தடவி ஐந்து நிமிடம் விட்டு, துணியால் துடைத்தெடுங்கள். தேங்காயெண்ணெய் கூடாது. காறிப்போனால் அதன் அமிலம் பித்தளையில் பச்சைக் களிம்பைக் கிளப்பும். நல்லெண்ணெய் நாளாவட்டத்தில் பிசினாகும். டபிள்யூ.டி.-40 ஈரத்தைத் தள்ளும், ஆனால் அதில் பெரும்பகுதி கரைப்பான்; அது பறந்தபின் மிஞ்சும் படலம் ஒரு மழைக்காலத்தைத் தாங்காது.

பித்தளைப் பாகங்களுக்கு மினுக்கு திரவங்கள் வேண்டாம். வெள்ளைப் பசை செதுக்கலில் தங்கிவிடும் என்பது ஒரு பக்கம். பலவற்றில் இருக்கும் அம்மோனியா இன்னொரு பக்கம். இந்தியாவில் மழைக்காலத்தில் குதிரை லாயங்களில் அடுக்கி வைத்த பிரிட்டிஷ் ராணுவத்தின் பித்தளைத் தோட்டாக்கூடுகள் தாமாகவே விரிசல் விட்டன. லாயத்துக் காற்றில் இருந்த அம்மோனியாதான் காரணம் என்று 1921-ல்தான் விளக்கம் கிடைத்தது.

கட்டையை உப்புத்தாளால் தேய்த்தால் மரம் உலோகத்தைவிடத் தாழ்ந்துபோய், குழலும் பட்டையும் துருத்திக்கொண்டு நிற்கும். படைத் துப்பாக்கி என்றால் கட்டையில் குத்திய முத்திரையும் எண்ணும் போகும். அழுக்கை ஒயிட் ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் எடுத்தால் போதும். வெடிப்பில் எம்-சீலோ அரால்டைட்டோ அடைக்காதீர்கள். நம் தச்சர்கள் பயன்படுத்திய வஜ்ஜிரம் நல்லது. தவறாக ஒட்டினாலும் வெந்நீர் ஒத்தடத்தில் விட்டுக்கொடுக்கும்.

பூஜைக்கு வருவோம். சந்தனத்தில் தண்ணீர் இருக்கிறது. திருநீறும் குங்குமமும் ஈரத்தைப் பிடித்து வைக்கும். பூட்டுத் தகட்டில் வைத்த பொட்டைச் சரஸ்வதி பூஜை முடிந்து ஒரு வாரம் அப்படியே விட்டால், பொட்டின் அளவிலேயே வட்டமாகத் துருப்பிடிக்கும். அதை எடுத்த இடம் பிறகு எப்போதும் தனியாகத் தெரியும். துப்பாக்கியைப் பட்டுத்துணி விரித்த பலகையில் வைத்து, பொட்டைப் பலகைக்கு வையுங்கள். பூவையும் பலகை ஓரத்தில் வைக்கலாம்.

வருஷம் முழுக்க உள்ள பிரச்சினை காற்றுதான். உப்புக் கலந்த கடற்காற்று ஒன்று. ஏசி அறை இன்னொன்று. அதைப் பலரும் பாதுகாப்பு என்று நினைக்கிறார்கள். சென்னையில் கோடையில் காற்றின் பனிநிலை (ஈரம் நீராகப் படியத் தொடங்கும் வெப்பநிலை) 25 டிகிரியைத் தொடும். இரவெல்லாம் 22 டிகிரியில் குளிர்ந்த குழல், காலையில் ஏசியை நிறுத்தி ஜன்னலைத் திறந்ததும் ஐஸ் வாட்டர் டம்ளர் மாதிரி வியர்க்கும். தினமும் ஏசி போட்டு நிறுத்தும் அறையைவிட, வெயில் படாத உள்சுவரில் உள்ள சாதாரண அலமாரி மேல். வெளிச்சுவரில் ஆணி அடித்துத் தொங்கவிடுவதும் தோலுறையிலோ நுரைப்பஞ்சுப் பெட்டியிலோ நிரந்தரமாக வைப்பதும் கூடாது. தோலும் நுரைப்பஞ்சும் ஈரத்தைப் பிடித்து உலோகத்தோடு ஒட்ட வைக்கும்.

காற்றுப் புகாத பெட்டி செய்ய முடிந்தால் நல்லது. அருங்காட்சியகக் கணக்கு ஒரு கன மீட்டருக்கு 20 கிலோ சிலிக்கா ஜெல். ஒன்றரை மீட்டர் நீளம், 30 சென்டிமீட்டர் அகலம், 20 சென்டிமீட்டர் உயரமுள்ள பெட்டிக்கு இரண்டு கிலோவுக்குச் சற்றுக் குறைவாக வரும். உள்ளே பத்து ரூபாய் நாணயம் அளவில் விற்கும் ஈரப்பத மானி ஒன்றை ஒட்டி வையுங்கள். 50 சதவீதத்தை ஒட்டி நின்றால் போதும். இரும்புக்கு இன்னும் உலர்வு பிடிக்கும்தான், ஆனால் மரம் வெடிக்கும். ஜெல் நிறம் மாறினால் 110 டிகிரி அடுப்பில் இரண்டு மூன்று மணி நேரம் வறுத்துத் திரும்பப் போடலாம். துப்பாக்கியை நிறுத்தி வைப்பதானால் வாய் கீழே பார்த்திருக்கட்டும். மேலே பார்த்தால் எண்ணெய் வழிந்து கட்டையின் கழுத்தில் ஊறி மரத்தைக் கறுக்க வைத்துப் பஞ்சாக்கிவிடும். உரிமம் உள்ளவர்கள் தேர்தல் நேரத்தில் ஒப்படைக்கும் முன், உலோகத்தில் வழக்கத்தைவிடக் கனமாக எண்ணெய் பூசி, துருவைத் தடுக்கும் ஆவி விடும் வி.சி.ஐ. காகிதத்தில் சுற்றிக் கொடுப்பது நல்லது.

ஒரு சட்ட விஷயமும் அந்தக் குறிப்பில் விடுபட்டுப்போனது. 1959 ஆயுதச் சட்டத்தின் 45-ஆம் பிரிவு, வழக்கொழிந்த மாதிரியிலோ பழம்பொருள் மதிப்போடோ பழுதடைந்தோ உள்ள ஆயுதத்துக்கு விலக்குத் தருகிறது. ஆனால் அது பழுது பார்த்தாலும் பார்க்காவிட்டாலும் சுட முடியாததாக இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. அடைத்து வைத்த நெருப்புத் துளையைச் சுத்தம் செய்கிறேன் என்று துளைபோட்டுத் திறப்பதும், ஒடிந்த வில்லுக்குப் புது வில் போடுவதும் மெருகேற்றும் வேலை அல்ல. விலக்கை இழக்கும் வேலை. உரிமம் தேவைப்படும் துப்பாக்கியைப் பழுது பார்க்கவும் தனி உரிமம் வேண்டும். லேத் பட்டறையில் கொடுத்துவிட்டு வந்தால் அவருக்கும் சிக்கல். சந்தேகம் இருந்தால் மாநகரக் காவல் ஆணையர் அலுவலகத்தின் உரிமப் பிரிவில் கேட்டுவிடுங்கள்.

தங்கள் இணைப்பைப் படித்துவிட்டு ஏற்கெனவே எலுமிச்சை போட்டவர்கள் இருப்பார்கள். அவர்களுக்காக இதை அடுத்த இதழிலேயே பிரசுரிக்க வேண்டுகிறேன். உலோகப் பகுதியை மரத்திலிருந்து பிரிக்க முடிந்தால் பிரித்துக்கொள்ளுங்கள். ஒரு தம்ளர் டிஸ்டில்டு வாட்டரில் இரண்டு தேக்கரண்டி ஆப்ப சோடா கரைத்து, பிழிந்த துணியால் துடையுங்கள். அடுத்து வெறும் டிஸ்டில்டு வாட்டரில் நனைத்துப் பிழிந்த துணி, இரண்டு முறை. ஹேர் டிரையரால் கை சுடும் அளவுக்குக் காயவைத்து, சூடு ஆறுவதற்குள் மெஷின் எண்ணெய் தடவுங்கள். வெளுத்துப்போன இடம் திரும்பக் கறுக்காது. கடையில் விற்கும், நீலக் கறுப்பு ஏற்றும் புளூயிங் திரவத்தைப் பூசி மறைக்கவும் முயல வேண்டாம். ஒரு மாதம் வாரம் ஒருமுறை வெள்ளைத் துணியால் ஒற்றிப் பாருங்கள். ஆரஞ்சு வந்தால் அந்த இடத்தில் மட்டும் மறுபடி எண்ணெய்.

இப்படிக்கு,
பழம்பொருள் பராமரிப்பாளர்,
மயிலாப்பூர், சென்னை-4